திருகோணமலையில் வாடகை வீடு: நேரே போய்க் கேட்பதா, புரோக்கரைப் பிடிப்பதா?

திருகோணமலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் வாரமே கேட்கும் கேள்வி இதுதான்: வீட்டுக்காரரோடு நேரே பேசினால் புரோக்கர் காசு மிச்சம்தானே? மிச்சம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடத்தில் இந்த ஊருக்குள் ஐந்து வீடு மாறியவன் நான். எனக்கு ஆகக் கூடுதலாகக் காசு கரைந்தது புரோக்கர் காட்டிய வீட்டில் இல்லை. தெரிந்த ஒருவர் வழியாக, ஒரு சதம் தரகு கொடுக்காமல், "நம்மட ஆக்கள்தானே" என்ற தைரியத்தில் எடுத்த வீட்டில்தான்.

அது உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. நவம்பர் மாதம், மழை விடாமல் பெய்கிறது, தெருவில் ஒரு வெள்ளைக்காரரைக் காணோம், வாடகையோ டவுனுக்குள் கேட்ட தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்காரர் நல்ல மனிதர். பிளேன்டீ தந்தார், ஊர் விசாரித்தார், எழுத்து ஏதாவது போட்டுக்கொள்வோமா என்று நான் இழுத்தபோது "என்ன தம்பி, உங்கட வீடு மாதிரி நினைச்சு இருங்க, பேப்பர் என்னத்துக்கு" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு வந்து நின்றார்: "தம்பி, சீசன் தொடங்கப் போகுது, அறைகளைச் சுற்றுலாக்காரருக்குக் குடுக்கலாம் எண்டு யோசிக்கிறம்." மே முதல் செப்டெம்பர் வரை நமது கரைக்குச் சீசன். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு அந்த ஐந்து மாதத்தில் வருகிற காசை மாத வாடகைக்காரன் ஒருவன் ஒருபோதும் கொடுக்க முடியாது, ஆகவே அவர் மேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை. இரண்டு கிழமைக்குள் சாமான் ஏற்றினேன். போட்ட நுளம்பு வலை, மாற்றிய குழாய், அடித்த பெயின்ற் எல்லாம் அங்கேயே.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் மழைக்காலத்தில் மலிவாக ஒரு வீடு கிடைத்தால் முதல் கேள்வியே "மே மாதத்திலும் நான் இங்கே இருப்பேனா" என்பதாக இருக்க வேண்டும், பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

புரோக்கர் காசு எதற்கான காசு

கொழும்பில் இருப்பது போலப் பலகை மாட்டி, குளிரூட்டி போட்டு, படிவம் நிரப்பச் சொல்லும் ஏஜென்சியை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இந்தத் தொழிலைச் செய்கிறவர்களில் நான் கண்டவர்கள் பெரும்பாலும் ஓட்டோ ஓட்டுபவர், சலூன் வைத்திருப்பவர், காணி விற்றுக் கொடுக்கிற தரகர், இப்படித்தான். ஒரு கைத்தொலைபேசி, அதில் இருபது வீட்டுப் படம், அவ்வளவுதான் அலுவலகம். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது பலகை தொங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களுக்குத் தெரியும். ஜனவரியில் மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் மொய்க்கிற நேரத்தில் அந்த ஒரு மாதம் பெரிய விஷயம்.

கேட்கும் தரகு பெரும்பாலும் ஒரு மாத வாடகை. சிலர் வீட்டுக்காரரிடமும் வாங்குவார்கள், உங்களிடமும் வாங்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 30,000 ரூபா வீடு, இரண்டு வருடம் இருக்கப் போகிறீர்கள் என்றால் 30,000 தரகை 24 ஆல் வகுத்தால் மாதம் 1,250. ஆறு மாதத்தில் மாறிவிடுவீர்கள் என்றால் அதே தரகு மாதம் 5,000. அதனால் நீண்ட காலம் இருக்கிறவருக்குத் தரகு பெரிய பாரமில்லை, குறுகிய காலத்துக்கு வருகிறவர்தான் நேரே தேட வேண்டும் என்பது என் கணக்கு. ஊரில் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

தரகின் பெறுமதி தேடித் தருவதில் மட்டும் இல்லை. இங்கே வீடு கொடுக்கிறவர் மனதில் சொல்லாத கேள்விகள் பல இருக்கும்: சைவமா மச்சமா, எந்தச் சமயம், கலியாணம் கட்டினவரா, வீட்டில் எத்தனை பேர், ஊரிலிருந்து வந்து தங்குவார்களா. சரியா பிழையா என்பது வேறு கதை, இருக்கிறது என்பதுதான் உண்மை. நேரே போனால் இதைப் படலையில் நின்று முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும், நாலு வீட்டில் "ஏற்கெனவே குடுத்தாச்சு" என்ற பதிலோடு திரும்ப வேண்டும். புரோக்கர் பச்சையாகச் சொல்லிவிடுவார், "அண்ணை, அது சரிவராது, அவங்க மீன் சமைக்க விடமாட்டாங்க" என்று. வாடகையைக் குறைக்கச் சொல்வதும் அப்படித்தான். நம்மால் கேட்க முடியாததை அவர் வாயால் கேட்க வைக்கலாம்.

ஆனால் அவர் செய்யாதது நிறைய. வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் பார்க்கமாட்டார். கூரை ஒழுகுமா என்று ஏறிப் பார்க்கமாட்டார். பிறகு முற்பணம் திரும்பி வராவிட்டால் "அது உங்கட ரெண்டு பேரின்ட பிரச்சினை" என்பார், அதுவும் நியாயம்தான். ஆகவே புரோக்கர் இருக்கிறார் என்பதற்காக ஒரு வேலையையும் விட்டுவிடாதீர்கள், கீழே சொல்கிற அத்தனையும் இரண்டு வழிக்கும் பொது.

அவரோடு பேசும்போது, வீடு பார்க்கப் போவதற்கு முன்பே தரகுத் தொகையைப் பேசி முடித்து வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். காசு சாவி கைக்கு வந்து, எழுத்து முடிந்த பிறகு. வீடு காட்டுவதற்கு என்று தனிக் காசு கேட்டால் அவருடைய ஓட்டோவுக்குப் பெற்றோல் காசு கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த வருடம் ஒப்பந்தம் நீடிக்கும்போது மறுபடி தரகு இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே வீட்டை மூன்று புரோக்கர் வைத்திருப்பார்கள், முதலில் காட்டியவர் யார் என்பதில் படலையடியில் சண்டை வரும், எனவே ஒருவர் காட்டிய வீட்டை இன்னொருவரோடு போய்ப் பார்க்காதீர்கள்.

நேரே தேடுவது எப்படி

பேஸ்புக்கிலும் இக்மன் விளம்பரத் தளத்திலும் பார்க்கலாம், பிழையில்லை, ஆனால் படத்தைப் பார்த்து, "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், பத்தாயிரம் போட்டு விடுங்கள், பிடித்து வைக்கிறேன்" என்ற தொலைபேசிக் குரலை நம்பி ஒரு சதமும் போடக் கூடாது. வீட்டுக்குள் கால் வைக்காமல் காசு இல்லை.

நான் செய்வது பழைய முறை. எந்தப் பகுதி என்று தீர்மானித்து, பின்னேரம் நான்கரைக்குப் பிறகு அங்கே சைக்கிளில் சுற்றுவது. பிள்ளைகள் டவுன் பாடசாலை என்றால் உவர்மலை, மத்திய வீதிப் பக்கம். சீனக்குடாவில் மாவு ஆலையிலோ வேறு இடத்திலோ வேலை என்றால் பாலையூற்றுப் பக்கம். பல்கலைக்கழக வளாகத்தில் வேலை என்றால் உப்புவெளி, சாம்பல்தீவு. பலசரக்குக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு, "அண்ணை, இந்தப் பக்கம் வீடு ஏதும் வாடகைக்கு இருக்கா" என்றால் போதும். கடைக்காரருக்கு யார் வீடு, யார் வெளிநாட்டில், முன்பு இருந்தவர் ஏன் போனார் எல்லாம் தெரியும். அந்தக் கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். "தண்ணிப் பிரச்சினை" என்று அவர் வாயில் வந்தால் பல்லாயிரம் மிச்சம்.

ஆடி மாதத்தில் டவுனுக்குள் தேடிப் பாருங்கள், உங்களுக்கு அதில் மனத்தடை இல்லை என்றால். நம் ஆட்கள் ஆடியில் பால் காய்ச்ச விரும்பமாட்டார்கள், காலியாகக் கிடக்கும் வீட்டுக்குக் கேள்வி இருக்காது, வீட்டுக்காரர் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து ஆவணி பிறந்ததும் குடிபோகலாம், அம்மாவுக்கும் சந்தோசம். கடற்கரைப் பக்கம் இது எடுபடாது, அப்போது சீசன்.

உண்மையான வீட்டுக்காரர் யார்

இதில்தான் மெல்ல நடக்க வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ நல்ல வீடுகளின் சொந்தக்காரர் கனடாவிலும் லண்டனிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். சாவி தம்பியிடமோ மாமியிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ. வாடகை வாங்குவதும் அவர்களே. என்னோடு வேலை செய்கிற ஒருவர் அப்படி ஒரு தம்பியிடம் ஆறு மாத முற்பணம் கொடுத்துக் குடிபோனார். ஓகஸ்ட் விடுமுறைக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார், தன் வீடு வாடகைக்குப் போனதே அவருக்குத் தெரியாது. தம்பி முற்பணத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தார். அண்ணன் நல்லவர், டிசம்பர் வரை இருக்க விட்டார், ஆனால் காசு பற்றிப் பேச்சே இல்லை.

ஆகவே சாவி வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டியது: வீடு யார் பெயரில், உறுதிப் பிரதி இருக்கிறதா, ஆதன வரித் துண்டு யார் பெயரில் வருகிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால் அற்றோர்ணித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கிறாரா. அற்றோர்ணித் தத்துவம் இல்லை என்றாலும் வீடியோ அழைப்பில் சொந்தக்காரரோடு ஐந்து நிமிடம் பேசி, வாடகைத் தொகையையும் காலத்தையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு, அவரிடமிருந்தே ஒரு வட்ஸ்அப் செய்தியை வாங்கிவிடுங்கள். சட்டப்படி அது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் "எனக்குத் தெரியாது" என்ற வார்த்தையை அது அடைத்துவிடும். சந்தேகம் என்றால் கிராம சேவகரிடம் போய்க் கேளுங்கள், அவருக்குத் தெரியாத வளவு இல்லை.

இன்னொன்று, உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்பது. டவுனை விட்டு வெளியே போகப் போக அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு கட்டிய வீடுகள் நிறைய. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம், ஒருவரும் வந்து எழுப்பப் போவதில்லை, ஆனால் நாளைக்குப் பதிந்த குத்தகை உறுதி தேவைப்பட்டால் உறுதி எழுதிக் கொடுக்கும் நொத்தாரிசு கையை விரிப்பார். பிள்ளையின் பாடசாலைக்காக வீடு எடுப்பவர்கள் இதை முதல் நாளே கேட்க வேண்டும்.

முற்பணம், எழுத்து

முற்பணம் இரண்டு வகை, இரண்டையும் ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். ஒன்று மாதாமாதம் கழிபடுவது, மற்றது அப்படியே கிடந்து போகும்போது திரும்பி வருவது. 30,000 ரூபா வாடகைக்கு ஒரு வருட முற்பணம் 360,000 கொடுத்து, இரண்டு வருடத்துக்கு மாதம் 15,000 கழிபட்டால் நீங்கள் கையில் கொடுப்பது மாதம் 15,000, முடிவில் யாருக்கும் யாரும் கடனில்லை. அதே 360,000 கழிபடாதது என்றால் மாதம் 30,000 முழுதாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் அந்தப் பெரிய தொகைக்காக நீங்கள் அலைய வேண்டும், அந்தக் காசு அப்போது சீமெந்தாகி மேல்மாடியில் நிற்கும். என்னைக் கேட்டால் கழிபடுகிற முற்பணத்தைப் பேசுங்கள். கழிபடாதது என்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் போகாதீர்கள். எதுவானாலும் வங்கிக் கணக்கில் போடுங்கள், வீட்டுக்காரர் பெயரில் உள்ள கணக்கில், புரோக்கருடையதில் இல்லை. கையில்தான் வேண்டும் என்றால் பற்றுச்சீட்டு.

இனி எழுத்து. கடையில் விற்கும் படிவத்தில் இரண்டு பேரும் கையொப்பம் வைத்து, முத்திரை ஒட்டிவிட்டால் இரண்டு வருடக் குத்தகை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு கையொப்பமிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளில் இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் மாதத்துக்கு மாதம் இருக்கிற வாடகைக்காரர்தான். அந்தத் தாள் காசு கொடுத்ததற்குச் சாட்சியாக உதவும், வேண்டாம் என்று எறிந்துவிடாதீர்கள், ஆனால் அதை நம்பி மதில் கட்டிக் கொடுக்காதீர்கள்.

நொத்தாரிசு என்றதும் வீட்டுக்காரர்கள் பின்வாங்குவார்கள். பதிந்து கொடுத்தால் இவன் எழும்பமாட்டான் என்ற பயம். பயம் காரணமில்லாமல் வரவில்லை, 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் வழக்குகள் வருடக்கணக்கில் இழுபட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் குத்தகைக் காலம் முடிந்தும் போகாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே முறையாக எழுதிய குத்தகை அவருக்கும் பாதுகாப்பு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்பமாட்டார், அவருடைய சட்டத்தரணியிடமே கேட்கச் சொல்லுங்கள். செலவைப் பாதிப் பாதி போடலாம் என்றால் பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.

எழுத்தில் என்ன வேண்டும்? வாடகை, காலம், முற்பணம் எந்த வகை, இடையில் எழுப்புவதென்றால் எத்தனை மாத அறிவித்தல், பெரிய திருத்த வேலை யார் தலையில், வாடகை கூடுவதென்றால் எப்போது எவ்வளவு. கடற்கரைப் பக்கம் என்றால் சீசனில் எழுப்பக் கூடாது என்று ஒரு வரி.

முகத்தாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் இங்கே நேரடி வாடகையின் உண்மையான தரகு. தெரிந்தவரிடம் இதையெல்லாம் கேட்கக் கூச்சமாக இருக்கும். நான் இப்போது "அலுவலகத்தில் கேட்கிறார்கள் அக்கா, கடிதம் இல்லாவிட்டால் வாடகைக் காசு எடுக்க முடியாது" என்று சொல்லிவிடுவேன். பாதி பொய். யாருக்கும் அதனால் நட்டமில்லை.

வீட்டைப் பார்க்கும்போது

முடிந்தால் மழை நேரம் பாருங்கள். முடியாவிட்டால் சீலிங்கில் பழுப்பு வட்டம் இருக்கிறதா, சுவரின் அடியில் பெயின்ற் உரிந்திருக்கிறதா, மதிலில் வெள்ளம் நின்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ற் அடித்த வீடு என்றால் இன்னும் கவனம். கடலுக்குப் பக்கத்தில் யன்னல் கிறில், கேற்றுப் பிணைச்சல், கொங்கிறீட்டுக்குள் கம்பி எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும்.

தண்ணீர் பெரிய விஷயம். உப்புவெளி என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கையில் சவர்க்காரம் போட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள், குசினியில் பழைய கேத்தல் கிடந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள், வெள்ளைப் படை கதை சொல்லும். குழாய்த் தண்ணீர் என்றால் எந்த நேரம் வருகிறது, தாங்கிக்கு ஏறுகிறதா, மேட்டில் இருக்கும் வீட்டில் இது முக்கியம். மோட்டார் பழுதானால் யார் செய்வது என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள், அடிக்கடி சண்டை வருவது இந்த மோட்டாரில்தான்.

மின்சார மீற்றர் தனியா? மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே மீற்றர் என்றால் வாடகை மலிவு என்று சந்தோசப்படாதீர்கள். அலகு கூடக் கூட விலை படியேறுகிற கணக்கு இது. தனித்தனியே 50 அலகு பாவிக்கிற இரண்டு குடும்பம் ஒரே மீற்றரில் 100 அலகுக்காரர் ஆகிவிடும், 60 அலகுக்குள் இருப்பவருக்குரிய குறைந்த கட்டணம் இருவருக்கும் இல்லை. இடையில் சப் மீற்றர் போட்டால் பங்கு பிரிக்கலாம், படி இறங்காது.

கடைசி மின் பட்டியலையும் தண்ணீர்ப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய பாக்கி இருந்தால் லைனை வெட்ட வருகிறவர் உங்கள் படலைக்குத்தான் வருவார்.

பிள்ளையை முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கும் எண்ணத்தில் வீடு எடுப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பாடசாலை கேட்பது பதிந்த குத்தகை உறுதி, வாக்காளர் இடாப்பில் பெயர், பட்டியல்கள், அதுவும் பல வருடத்துக்கு. வாக்காளர் இடாப்பில் வாடகைக்காரர் பெயரைப் போடச் சில வீட்டுக்காரர்கள் ஒருபோதும் விடமாட்டார்கள், பெயர் ஏறினால் வீடே போய்விடும் என்ற ஒரு பழைய நம்பிக்கை. இதைக் குடிபோன பிறகு கேட்காதீர்கள். புரோக்கர் "அதெல்லாம் செய்யலாம் அண்ணை" என்றால் அதை வீட்டுக்காரர் வாயிலிருந்து, உங்கள் முன்னால் கேளுங்கள்.

சாவி வாங்கும் நாளில் மீற்றர் இரண்டையும் படம் எடுங்கள், எல்லா அறையையும் வெடிப்பு, உடைந்த ரைல்ஸ், ஓடாத ஃபானோடு சேர்த்து ஒரு வீடியோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பிறகு வெளியேறும் நாளில் அதே வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு, கழிபடாத முற்பணம் ஏதும் இருந்தால் அது கணக்குக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சாவி. லொறிக்காரர் கேற்றடியில் ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்பார், நிற்கட்டும்.